முன்வாசல் வழியாக

கமலநாதன் வண்டி கழுவுவதைப் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்குப் புறப்படும் கார்கூட அப்படிக் குளித்திருக்காது. டயர் இடுக்கில் மண் தெரியக்கூடாது, கண்ணாடியில் விரல்தடம் தெரியக்கூடாது, கதவில் இருக்கும் சுகாதார அமைச்சின் சின்னம் பளிச்சென்று இருக்க வேண்டும். அது சவ வண்டி என்று தெரியாதவர்கள், யாரோ பெரிய அதிகாரி வருகிறார் போல என்று ஒதுங்கி வழிவிடுவார்கள். தெரிந்தவர்கள் வேறு காரணத்துக்காக ஒதுங்குவார்கள். எப்படியோ வழி கிடைத்தால் சரி என்பது கமலநாதனின் கட்சி.

ஆள் கிள்ளான்காரர். ஒரு காலத்தில் போர்ட் கிள்ளான் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் லோரி ஓட்டியவர். இடுப்பு மக்கர் பண்ணத் தொடங்கியதும், கோலாலம்பூர்ப் பக்கம் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் டிரைவர் வேலைக்கு எழுதிப் போட்டார். ஆம்புலன்ஸ் ஓட்டலாம், சைரன் போட்டுக்கொண்டு கூட்டரசு நெடுஞ்சாலையில் பறக்கலாம் என்ற ஆசையோடுதான் போனார். கையில் கொடுத்தது சவ வண்டியின் சாவி. சைரனும் கிடையாது, பறக்கவும் கூடாது.

செய்தியைக் கேட்ட அவர் மனைவி இராஜம்மா, "அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில உங்களுக்குக் குடுக்க வேற வண்டியே இல்லையா?" என்று கேட்டார். அன்றிலிருந்து பின்பக்கக் குழாயடியில் மஞ்சள் கரைத்த தண்ணீர் வாளியில் காத்திருக்கும். தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் கமலநாதன் வீட்டுக்குள் நுழைய வேண்டும். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "அப்பா என்ன வேலை?" என்று கேட்டபோது, "கவர்மெண்ட் டிரைவர்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் முறுக்குத் தட்டை நீட்டியவர் இராஜம்மா. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சம்பந்தி வீட்டுக்கு விஷயம் தெரிந்தபோது பேரப்பிள்ளையே பிறந்துவிட்டது.

கமலநாதனுக்கு அந்த வேலையில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. சம்பளத்துக்கு வண்டி ஓட்டினார், அவ்வளவுதான். பெருமை என்பது உறுப்பு தானப் பிரிவோடு வந்தது.

அந்தப் பிரிவில் ஒருங்கிணைப்பாளராக இருந்தவர் ஜெரால்டின். பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த தாதி. ரயில்வே குவார்ட்டர்ஸ் குடும்பம். நாலு மொழியிலும் பேசுவார், நாலிலும் வேகமாகப் பேசுவார். அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை, ஜெரால்டினையும் சும்மா இருக்க விடவில்லை. தீபாவளி வந்தால் பிரிக்பீல்ட்ஸ் சந்தையில் பலகாரக் கடைக்கும் சேலைக் கடைக்கும் நடுவே அவருக்கு ஒரு மேசை. தைப்பூசம் வந்தால் பத்துமலையில் ஒரு கூடாரம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும் ஒரு சின்னப் பேச்சு. அங்கேயே கைப்பேசியை எடுத்து மைசெஜாத்ரா செயலியில் நாலு தட்டுத் தட்டினால் போதும், உறுப்பு தானத்துக்குப் பதிவாகிவிடும். சிலர் மனம் இளகிப் பதிந்தார்கள். சிலர் இலவசமாகக் கொடுத்த துணிப்பைக்காகப் பதிந்தார்கள். ஜெரால்டின் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் நன்றி சொன்னார்.

பதிவதில் சிக்கல் இல்லை. ஆள் மூளைச்சாவு அடைந்து கிடக்கும்போது வீட்டாரிடம் கேட்க வேண்டும் அல்லவா, அங்கேதான் முட்டிக்கொள்ளும். பெரும்பாலான வீடுகளில் தலையை ஆட்டி மறுத்துவிடுவார்கள்.

"டாக்டருக்குப் பயப்படல அண்ணே, சாமிக்குக்கூடப் பயப்படல," என்று ஜெரால்டின் ஒருநாள் கேன்டீனில் தேத்தாரே டீயைக் கலக்கிக்கொண்டே சொன்னார். "தெருவுக்குப் பயப்படுறாங்க. கொண்டு போனதும் ஊர்ல என்ன பேசுவாங்கன்னு. அதுக்கு நான் என்ன பேம்ப்லெட் அடிக்கிறது, சொல்லுங்க?"

அதனால்தான் தானம் கொடுத்தவரை வீடுவரைக்கும் கௌரவமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் பிரிவின் வேலையாக இருந்தது. குடும்பம் வண்டிக்கு அலைய வேண்டாம், அரசாங்க வண்டியே போகும். அந்த வண்டி கமலநாதனுடையது. முதல் பயணம் போய் வந்த அன்றே அவருக்குள் ஏதோ நிமிர்ந்துகொண்டது. இத்தனை நாள் ஏற்றியவர்கள் செத்துப் போனவர்கள். இவர்கள் கொடுத்துவிட்டுப் போனவர்கள். இவர்களை ஏற்றுகிற வண்டியும் மற்ற வண்டியும் ஒன்றாகிவிடுமா என்ன? சீருடைக்குக் கஞ்சி போட ஆரம்பித்தார். தானம் கொடுத்தவரைக் கொண்டுபோகும் நாளில் வண்டியில் வானொலி கிடையாது, ஹாரன் கிடையாது. புறப்படும் முன் வீட்டுக்குத் தானே போன் செய்து, "கொண்டு வரேன், வாசல்ல இடம் விட்டு வைங்க" என்பார்.

அந்த நாட்களில் வீடு திரும்பினால் பின்பக்கக் குழாயடிக்கும் போகமாட்டார். நேரே முன்னால் வந்து நிற்பார். முதல் தடவை இராஜம்மா அலறிவிட்டார்.

"இன்னிக்கு நான் கொண்டு போனது வேற ஆளு," என்றார் கமலநாதன். "அவங்களால எனக்கு ஒரு தீட்டும் இல்ல."

இராஜம்மா துண்டை எடுத்து வந்து, வாசற்படியிலேயே நீட்டினார். "சரி, உள்ள வந்து குளிங்க" என்றார். அந்த அம்மாளிடம் இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

இப்படிப்பட்ட கமலநாதனை ஒரு தெரு நிறுத்தி வைத்த கதைதான் இது.

குகன் என்பவர் கிள்ளானில் காப்பார் சாலையை ஒட்டிய ஒரு தாமான் குடியிருப்பில் வசித்தார். ஷா ஆலாமில் தொழிற்சாலை மெக்கானிக். நாற்பதுகூட ஆகவில்லை. காலையில் குளித்துவிட்டு வந்தவர் தலை வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. டாக்டர்கள் செய்வதையெல்லாம் செய்து பார்த்து, மூளைச்சாவு என்று அறிவித்தார்கள்.

மனைவி மலர்விழி பாலர்பள்ளி ஆசிரியை. அதிர்ந்து பேசாத பெண். ஜெரால்டின் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னபோது, அந்தப் பெண் ஜெரால்டினைத் தடுத்தாள். "எனக்குத் தெரியும் சிஸ்டர். போன தீபாவளிக்கு பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தப்ப அவர் பதிஞ்சாரு. கார்ல வரும்போது, 'எனக்கு எதாச்சும் ஆச்சுன்னா நீ மாத்திப் பேசக்கூடாது'ன்னு சொன்னாரு. நான் மாத்திப் பேச மாட்டேன். எடுத்துக்குங்க." பிறகு ஒன்று கேட்டாள். "ஆனா அவரை என் வீட்டுக்குக் கொண்டு வரணும். முன்வாசல் வழியா. நடுக்கூடத்துல வைக்கணும். அவர் வாங்குன வீடு அது."

"அதுக்கு நான் பொறுப்பும்மா," என்று ஜெரால்டினுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வண்டி விஷயம் பேச வந்து நின்றிருந்த கமலநாதன்தான். யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டார். "முன்வாசல் வழியாத்தான் வருவாரு. நான் கொண்டாந்து விடுறேன்."

அறுவைச் சிகிச்சை அறையில் எல்லாம் முடிந்தபின், குகனைக் குளிப்பாட்டி, மலர்விழி கொடுத்தனுப்பிய வெள்ளைச் சட்டையையும் வேட்டியையும் உடுத்தினார்கள். தலை சீவும்போது ஒரு தாதி சீப்பைப் பிடித்தபடி வெளியே ஓடிவந்து, "வகிடு எந்தப் பக்கம்மா?" என்று மலர்விழியைக் கேட்டார். "வலது பக்கம்," என்று மலர்விழி சொன்னாள். அதுவரை அழாமல் இருந்தவள் அந்தக் கேள்விக்குத்தான் அழுதாள். கமலநாதன் அப்போது தன் தொப்பியைச் சரிசெய்கிறவர் போல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜெரால்டின் கூட வந்திருக்க வேண்டும். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்னொரு குடும்பம் அவருக்காகக் காத்திருந்தது. "அண்ணே, நீங்க பாத்துக்குவீங்கல்ல?" என்றார். பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கமலநாதன் வண்டியை எடுத்தார். மலர்விழி தன் தம்பியின் காரில் முன்னால் போனாள்.

தெருமுனையில் திரும்பும்போதே கூடாரம் தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. வண்டி உள்ளே நுழைந்ததும், கதவில் இருந்த அரசாங்கச் சின்னத்தைப் பார்த்துக் கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. கமலநாதனுக்கு அது ஏன் என்று தெரியும். நம்மவர்கள் சாவு வீட்டுக்குப் பூ அலங்காரத்தோடு தனியார் வண்டி பிடிப்பார்கள். அரசாங்க வண்டியில் வந்தால் விபத்து, இல்லையென்றால் தூக்கு, எப்படியும் போலீஸ் கேஸ், அறுத்துப் பார்த்துத் தைத்து அனுப்பிய உடம்பு. தெரு அப்படித்தான் கணக்குப் போடும். இறக்கியிருந்த கண்ணாடி வழியாகவே, "போஸ்ட்மார்ட்டமாம்லா", "போலீஸ் வந்துச்சா?" என்றெல்லாம் அவர் காதில் விழுந்தது. இன்னொரு பெண் குரல் கொஞ்சம் சத்தமாகவே சொன்னது: "உசுரு இருக்கும்போதே அறுக்கச் சொல்லிட்டாளாம் பொண்டாட்டி." கேட்ட கமலநாதனுக்குக் கை பரபரத்தது. சீருடை தடுத்தது.

வீட்டின் இரும்புக் கேட்டுக்கு முன்னால் ஒருவர் கையை விரித்துக்கொண்டு நின்றார். அறுபதைத் தொடும் வயது, கலைந்த நரை, கசங்கிய சட்டை. குகனின் மூத்த அண்ணன் தம்புசாமி. தகப்பன் இல்லாத வீட்டில் குகனைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். அந்தக் குடும்பத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"உள்ள வேணாம், பாஸ்," என்றார் தம்புசாமி. "பெட்டி இங்க இருக்கு. வண்டியில வச்சே பெட்டிக்கு மாத்திருவோம். நேரா சிம்பாங் லீமா மின்சுடலைக்குப் போங்க. காரியத்த அங்க பாத்துக்குறோம்."

கமலநாதன் இறங்கி, வண்டியின் பின்கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றார். "அண்ணே, வீட்டுக்குக் கொண்டு வரச் சொல்லித்தான் எனக்குச் சொல்லியிருக்காங்க."

"யாரு சொன்னா?"

"உங்க தம்பி சம்சாரம்."

"அது சின்னப் புள்ள, அதுக்கு என்ன தெரியும்? அறுத்த உடம்ப வீட்டுக்குள்ள ஏத்தக்கூடாதுய்யா. எங்க தோட்டத்துல லயத்து வீட்டுக்குள்ளயே விட மாட்டாங்க. சாமி இருக்குற வீடு இது."

மலர்விழி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பெண்கள் கூட்டம் அவளைச் சுற்றி நின்றது. ஆனால் யாரும் அவள் தோளில் கை வைக்கவில்லை. அதைத்தான் கமலநாதனால் பொறுக்க முடியவில்லை. முந்தாநாள்வரை அந்தத் தெருவே மதித்த டீச்சர். இன்றைக்குப் புருஷனைத் தெருவில் நிறுத்திவிட்டு, குற்றம் செய்தவள் மாதிரி நிற்கிறாள். இந்த வாசல் மூடிக்கொண்டால் அவளுக்குக் கொடுத்த வாக்குப் போயிற்று. அத்தோடு முடியாது. தானம் கொடுத்தவனை வீட்டுக்குள்ளேயே விடவில்லையாம் என்று கிள்ளான் முழுக்கப் பேசுவார்கள். அதற்குப் பிறகு ஜெரால்டின் எத்தனை சந்தையில் மேசை போட்டு என்ன பிரயோசனம்?

"போஸ்ட்மார்ட்டம் இல்லண்ணே இது. ஆபரேஷன். உசுரோட இருக்குறவங்களுக்குப் பண்ற மாதிரியே தியேட்டர்ல வச்சு, டாக்டருங்க தையல் போட்டு அனுப்பியிருக்காங்க," என்றார் கமலநாதன்.

"ரெண்டும் ஒண்ணுதான். எடுங்க வண்டிய."

"எடுக்க முடியாதுண்ணே. முன்வாசல் வழியா உள்ள போகும்னு சொல்லியிருக்கேன். திறக்குற வரைக்கும் நிக்கிறேன்."

"யோவ், நீ டிரைவர்தானே?"

"ஆமா. அதான் வண்டிய எடுக்க மாட்டேங்கிறேன்."

கூட்டத்தில் இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் புகார் செய்யப்போவதாகச் சொன்னார். கமலநாதன் ஆஸ்பத்திரி எண்ணைத் தானே சொன்னார். நிலைமை கைகலப்பில் போய் முடிந்திருக்கும். அப்போதுதான் எதிர்வீட்டுக் கேட் திறந்தது.

வந்தவர் நல்லம்மாள். ஐம்பதைத் தாண்டிய, மெலிந்து கறுத்த பெண். இடது கையில் முழங்கைக்குக் கீழே பிளாஸ்திரி. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். பல வருஷமாகச் சிறுநீரகத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். கூடாரத்துக்குள் வந்தார். தம்புசாமியைத் தாண்டி, நேரே கமலநாதனிடம் வந்து நின்றார்.

"தம்பி, இங்க தகராறு எதுக்கு? குகன எங்க வீட்டுக்குக் கொண்டு வாங்க. எங்க கூடத்துல வைங்க. நான் இடம் ஒதுக்குறேன்."

சாவு வீட்டுக்குப் போய் வந்தாலே தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் நாம் நம் வாசலை மிதிப்போம். அடுத்த வீட்டுச் சாவைத் தன் வீட்டு நடுக்கூடத்துக்கு வா என்று அழைத்த பெண்ணை அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கண்டதில்லை, கேட்டதுமில்லை. கமலநாதனும்தான். எத்தனை நூறு வீட்டு வாசலில் நின்றிருக்கிறார்!

பின்வரிசை நாற்காலியிலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள்: "அதுக்குக் கிட்னி வேணும். அதான் வருது."

நல்லம்மாள் திரும்பினார். "ஆமா, வேணும். எனக்குக் கிட்னி வேணும்னு சொல்றதுல எனக்கு என்ன வெக்கம்? ஆனா குகனோடது எனக்கு வரல. யாருக்குப் போச்சோ, எந்த ஊரோ, எந்த இனமோ, நமக்குத் தெரியாது. யாரோ பொழச்சுக்கெடக்காங்க. குடுத்தவன் இங்க ரோட்டுல கெடக்கான். அவன உள்ள விடாத தெருவுல நான் இருந்து என்ன, போயி என்ன?"

அதைச் சொன்னதும் அவர் நிற்கவில்லை. விறுவிறுவென்று தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

மலர்விழி படியிலிருந்து இறங்கினாள். அதிர்ந்து பேசாத அந்தப் பெண்ணின் குரல் கூடாரத்தின் கடைசிவரை கேட்டது. "எடுங்கண்ணே. நல்லம்மா அக்கா வீட்டுக்கே போகட்டும். நான் அங்க போயி அவர்கிட்ட உக்காந்துக்குறேன்." தம்புசாமியிடம் திரும்பினாள். "மாமா, நீங்க இந்த வீட்டப் பாத்துக்குங்க."

கமலநாதன் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருகினார். உண்மையிலேயே போயிருப்பீர்களா, இல்லை சும்மா மிரட்டினீர்களா என்று பிற்பாடு ஜெரால்டின் கேட்டபோது, "ரிவர்ஸ் கியரே போட்டுட்டேன்லா சிஸ்டர்," என்றார். பொய்யில்லை. வண்டி பின்னால் நகர்ந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

படாரென்று வண்டியின் பக்கவாட்டில் ஓர் அடி விழுந்தது. "நிறுத்துய்யா!" தம்புசாமி ஓடி வந்திருந்தார். "என் தம்பிய அடுத்த வீட்டுல கெடத்துறதுக்கு நான் என்ன செத்தா போயிட்டேன்?"

கமலநாதன் நிறுத்தினார். தம்புசாமி கண்ணாடியோரம் வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். இப்போது அவர் குரல் கமலநாதனுக்கு மட்டும்தான் கேட்டது.

"எங்கப்பாவ லோரி மோதி, இப்படித்தான் கொண்டாந்தாங்க. எனக்கு வெவரம் தெரிஞ்ச வயசு. பாய்ல சுத்தியிருந்துச்சு. பிரிச்சுப் பாத்தேன். சாக்குத் தைக்கிற மாதிரி தச்சிருந்தாங்கய்யா. இன்னிவரைக்கும் எங்கப்பா மொகம்னு நெனச்சா அதுதான் வருது. இவன நான் தூக்கி வளத்தேன். இவனயும் அப்படிப் பாக்க என்னால ஆகாது." மூக்கை உறிஞ்சினார். "சொல்லுங்க. தொறந்தா எப்படி இருப்பான்?"

கமலநாதனுக்கு இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இத்தனை நேரம் சாமி, லயம், தீட்டு என்று சண்டை போட்ட மனிதர், பயந்து போயிருந்திருக்கிறார், அவ்வளவுதான். "சுத்தமா இருக்காருண்ணே. வெள்ளச் சட்ட போட்டிருக்காங்க. நான் பாத்துட்டுத்தான் கதவச் சாத்துனேன். தல சீவும்போது வகிடு எந்தப் பக்கம்னு நர்ஸ் ஓடிவந்து கேட்டுட்டுப் போயி சீவுனாங்க."

"எந்தப் பக்கம்?"

"வலது."

"ஆமா," என்றார் தம்புசாமி. "நான்தான் வலது பக்கம் சீவிப் பழக்குனேன்." அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. நிமிர்ந்து, கூடாரத்தைப் பார்த்துக் கத்தினார்: "கேட்டத் திறங்க! ரெண்டு பக்கமும் திறங்க!"

குகனின் தலைமாட்டைத் தம்புசாமியே பிடித்தார். கால்மாட்டில் மலர்விழியின் தம்பி. முன்வாசல் வழியாக, பூசைமாடத்தைத் தாண்டி, நடுக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். கமலநாதன் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலில் விறைப்பாக நின்றார். அப்படி நிற்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. அவருக்கு நிற்கத் தோன்றியது.

துணியை விலக்கியதும் தம்புசாமி தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். அழவேண்டிய அளவுக்கு அழுதார். வெளியே யாரோ புதிதாக வந்தவர், போலீஸ் கேஸா என்று விசாரிக்கும் சத்தம் உள்ளே கேட்டது. தம்புசாமி எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்.

"போலீஸும் இல்ல, கீலீஸும் இல்ல! என் தம்பி தானம் குடுத்துட்டு வந்திருக்கான். எவனுக்குச் சந்தேகமோ, உள்ள வந்து அவன் மொகத்தப் பாத்துட்டுப் போங்கடா!"

நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. தெருவே வரிசையில் நின்று உள்ளே போனது. பெண்களில் ஒருத்தி மலர்விழியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள், பிறகு இன்னொருத்தி. கமலநாதன் துறைமுகத்தில் எத்தனையோ டன் இறக்கியிருக்கிறார். இப்படி ஒரு சரக்கைச் சொன்ன இடத்தில் சேர்த்த பெருமை அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

புகார் செய்யப்போவதாகச் சொன்னவர் செய்தே விட்டார். கமலநாதனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். டிரைவர் பொதுமக்களோடு வாக்குவாதம் செய்யக்கூடாது என்று எச்சரித்தார்கள். அவரும் சரி என்று கேட்டுக்கொண்டார். ஆனால் அதே வாரம் ஜெரால்டின் பிரிவில் ஒரு பேச்சை எடுத்து, அதை முடிவாக்கிவிட்டுத்தான் ஓய்ந்தார். இனி வண்டிக்கு முன்னால் ஆள் போகும். வீட்டுப் பெரியவர்களிடம் மட்டுமல்ல, பக்கத்து வீடு, எதிர்வீடு, கூடாரத்தில் இருப்பவர்கள் எல்லாரிடமும் என்ன நடந்தது, யார் வருகிறார், எதற்காக அவரை வணங்க வேண்டும் என்று அவரவர் பாஷையில் சொல்லும். வண்டி வரும்போது பிரிவின் ஆட்கள் வாசலில் இரண்டு பக்கமும் நிற்பார்கள். இது எப்படி வந்தது என்று புதிதாக வருகிற தாதிகள் கேட்டால், ஜெரால்டின் கமலநாதனைக் கைகாட்டிவிடுவார். கமலநாதன் வண்டி துடைக்கப் போய்விடுவார்.

அன்று அந்தத் தெருவில் நடந்த இன்னொன்றை மட்டும் அவர் ஆபீசில் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு விசாரணை வரும்.

சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக்கூடாது. சொல்லாமலே கிளம்பி வண்டியில் ஏறினார். தெரு குறுகல், திருப்ப வேண்டுமென்றால் எதிர்வீட்டு வாசல்வரை பின்னால் போக வேண்டும். போனார். கண்ணாடியில் நல்லம்மாள் வீட்டின் திறந்த கதவு தெரிந்தது. ஏதோ வித்தியாசமாக இருக்கவே, நிறுத்தி இறங்கிப் பார்த்தார்.

கூடத்தில் ஒரு சாமான் இல்லை. சோபாவைச் செங்குத்தாக நிமிர்த்திச் சமையலறை வாசலில் சாத்தியிருந்தது. டிவியும் மேசையும் வெளித் தாழ்வாரத்துக்கு வந்திருந்தன. தரை கழுவிய ஈரம் காயவில்லை. நடுவில் புதுப்பாய் விரித்து, தலைமாட்டில் விளக்கு ஏற்றி வைத்திருந்தது. பிளாஸ்திரி போட்ட கையோடு அந்த அம்மாள் இத்தனையையும் தனியாக இழுத்திருக்கிறார். தம்புசாமியை உசுப்பிவிடத்தான் அப்படிப் பேசினார் என்றே கமலநாதன் அதுவரை நினைத்திருந்தார். தெருவும் அப்படித்தான் நினைத்திருக்கும்.

நல்லம்மாள் கைப்பையோடு தாழ்வாரத்தில் நின்றிருந்தார். மூச்சு வாங்கியது. "உள்ள கொண்டு போயிட்டாங்களா?"

"போயிட்டாங்கக்கா. முன்வாசல் வழியா."

"நல்லது. அதான் சரி." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தம்பி, எனக்கு டயாலிசிஸ் நேரம் தாண்டிப்போச்சு. கூட்டிட்டுப் போற வேன்காரன் கூடாரத்தப் பாத்துட்டு, உள்ள வர முடியாதுன்னு திரும்பிப் போயிட்டான். போற வழியில சென்டர்ல விட்டுர்றீங்களா?"

கமலநாதன் வண்டியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "அக்கா, இது என்ன வண்டின்னு..."

"தெரியாமயா கேக்குறேன்? என்னிக்கோ ஒருநாளு பின்னால படுத்துட்டுப் போகப் போறவதானே. இன்னிக்கு முன்னால உக்காந்துட்டு வரேன்."

கமலநாதன் பக்கத்து இருக்கையைத் துண்டால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை துடைத்தார். கதவைத் திறந்து, அவர் ஏறி உட்காரும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். எந்த மந்திரிக்கும் அவர் அப்படிக் கதவு பிடித்ததில்லை. சவ வண்டியின் முன்னிருக்கையில் ஒரு பெண் போவதைக் கூடாரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். நல்லம்மாள் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுக்கொண்டார்.